கறுப்புக் கல் கக்கிய வெள்ளை

என் சித்தப்பா குட்டையில் பிளீச்சிங் பவுடர் போடவில்லை. அந்த மீன்களைக் கொன்றது நீங்கள், பொறியாளர் சார். நீங்கள் கொண்டுவந்து கொட்டிய கறுப்புக் கல் கொன்றது. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள். சுற்றிவளைத்துப் பேச எனக்கு வராது. நான் நெல்லித்தோப்பில் இருசக்கர வண்டி பழுது பார்க்கிறவன். வண்டியில் சத்தம் வந்தால் எங்கேயிருந்து வருகிறது என்று கழற்றிப் பார்ப்பேன். நீங்கள் சத்தம் கேட்டதும் பக்கத்தில் நின்ற ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

சித்தப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய வலது உள்ளங்கை. அதில் குட்டையின் அடியிலிருந்து அள்ளிய வெள்ளைச் சேறு. புளிக்காத இட்லி மாவு மாதிரி வழவழவென்று இருந்தது. கரையில் கூடியிருந்த ஒவ்வொருவர் மூக்குக்கு நேராகவும் அதை நீட்டிக்கொண்டே போனார். "மோந்து பாருப்பா. பிளீச்சிங் பவுடர்னா நெடி அடிக்காதா? கண்ணு எரியாதா? மோந்து பாத்துட்டுச் சொல்லு." ஒருவரும் மோந்து பார்க்கவில்லை. எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள். அவர் முன்னால் வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் ஒரு அடி நகர்ந்தது. கடைசியில் ஒரு ஆள் சொன்னான்: "விஷத்தக் கையில வச்சிக்கினு மோந்து பாருன்றாரு. நல்லா இருக்குயா உங்க நாயம்." கூட்டம் சிரித்தது. சித்தப்பாவின் விரல் இடுக்கில் அந்த வெள்ளை வழிந்து முழங்கை வரைக்கும் வந்தது. துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

இது இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்களில், ஊருக்கு மேற்கே ஒரு குட்டையில் நடந்தது. குட்டையின் பெயரை எழுதவில்லை. அதைச் சுற்றி இப்போது வீடு கட்டிக் குடியிருக்கிறவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

சித்தப்பா பஞ்சாலைத் தொழிலாளி. மில் வேலை போனதும் மற்றவர்கள் வாட்ச்மேன் வேலைக்குப் போனார்கள், ஆட்டோ ஓட்டினார்கள். இவர் குட்டையைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்த்தார். ஆனால் மில்காரப் புத்தி போகவில்லை. விடிகிற நேரத்தில் சைக்கிளை எடுக்கும்போது "ஷிப்டுக்குப் போறேன்" என்றுதான் சித்தியிடம் சொல்வார். தீனி போடும்போது கூட்டமாக வருகிற கட்லாவையும் ரோகுவையும் "ஜெனரல் ஷிப்ட்" என்பார். குட்டையில் தானாக வந்து சேர்ந்த விரால் சிலது உண்டு. அது அடிக்கடி மேலே வந்து தலையைத் தூக்கி மூச்சு வாங்கிவிட்டுப் போகும். அதற்கு "யூனியன் தலைவர்" என்று பேர். "பாருடா, மொதலாளி வந்துட்டானான்னு எட்டிப் பாக்குறாரு" என்பார். பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு அது. சிரித்தால் இருமல் வரும். இருமிக்கொண்டே சிரிப்பார்.

ஒரு பெருமழையில் குட்டையின் கரை உடைந்தது. எங்கள் பக்கத்தில் கரை என்றால் செம்மண்தான். கொட்டி, தண்ணீர் விட்டு, மிதித்துக் கெட்டியாக்குவார்கள். எல்லாக் குட்டையும் ஏரியும் அப்படித்தான். கரையைச் சரிசெய்ய வந்த அரசாங்கப் பொறியாளர் வேறு மாதிரி யோசித்தார். இன்னும் மேற்கே எங்கேயோ ஆழமாகப் பள்ளம் எடுத்திருந்தார்கள். அதிலிருந்து மேலே வந்த கறுப்புக் கல் குவியல் குவியலாகக் கிடந்தது. அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கரை முழுக்கக் கொட்டினார். பார்க்கக் கல்தான். கையில் எடுத்து நகத்தால் நிமிண்டினால் அடுக்கு அடுக்காகப் பெயர்ந்து வரும், நனைந்து காய்ந்த பழைய செய்தித்தாள் கட்டு மாதிரி. இடையிடையே மஞ்சளாக மினுமினுக்கும். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் தங்கம் என்று பொறுக்கினார்கள்.

அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். சித்தப்பா கேட்டார்: "சார், கரைக்குச் செம்மண்ணு தான போடுவாங்க?"

"பெரியவரே, உங்க செம்மண்ணு ஒரு மழைக்குக் கரைஞ்சி போச்சி. பாத்தீங்க இல்ல? இது கல்லு. உங்க பேரப்புள்ள காலத்துக்கும் நிக்கும்."

"அது சரி சார். பொளந்தா வெங்காயத் தோலு மாரி வருதே."

"மீனப் பாருங்க பெரியவரே. கரைய நான் பாத்துக்கறேன்."

கூட வந்த கான்டிராக்டர் ஆட்கள் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்து வைத்தார். படித்தவர் சொல்கிறார், இருக்கும் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் கல் ஒரு கோடையைக்கூடத் தாங்கவில்லை. வெயிலில் வெடித்துச் சில்லு சில்லாக உதிர்ந்தது. உதிர்ந்த கறுப்பின் மேலே வெள்ளையாக, பூனை முடி மாதிரி ஏதோ பூத்தது. சில இடத்தில் கந்தக மஞ்சளாக ஒரு பூச்சு. "கரைக்கு நரை விழுந்துடுச்சிடா" என்றார் சித்தப்பா. விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். "சலூன்ல மூஞ்சில தேய்ப்பானே படிகாரம், அந்த மாரி இருக்கு. புளிப்பாவும் இருக்கு." நான் கல் ஒன்றை எடுத்துவந்து கடை அலமாரியில் பழைய பிளக்குகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. பார்க்க விசித்திரமாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த மழைக்காலத்தில் குட்டை தெளிந்தது. அது எப்போதும் டீ நிறத்தில் இருக்கிற தண்ணீர். கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே தெரியாது. இப்போது அடியில் கிடக்கிற செருப்பு வரைக்கும் தெரிந்தது. ஊரே வந்து பார்த்தது. காலேஜ் பையன்கள் வந்து போட்டோ எடுத்தார்கள். பொறியாளர் மேலதிகாரிகளைக் கூட்டி வந்தார். "தரமான கரை போட்டா தண்ணி இப்படித்தான் சார் இருக்கும்" என்று அவர்களிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். இதை வாசிக்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் தெளிந்ததற்குத் தன் கல்தான் காரணம் என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

சித்தப்பாவுக்கு மட்டும் முகம் சரியில்லை. "தண்ணில பச்சை இருந்தாத்தான மீனு மேயும்? சோறு இல்லாத வூட்டுத் தட்டு மாரி பளபளன்னு இருக்குதுடா" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு விடிகாலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. மீன் வளர்க்கிற எவருக்கும் தெரிந்த விஷயம் இது. தண்ணீரில் காற்றுக் குறைந்தால் அப்படி வரும். உடனே போர்வெல் மோட்டாரைப் போட்டு, குழாயை உயரத்தில் கட்டி, புதுத் தண்ணீர் அருவி மாதிரி விழும்படி செய்வார்கள். சித்தப்பா அதைத்தான் செய்தார். மீன்கள் குழாய்ப் பக்கம் கூட்டமாக வந்தன. வந்த இடத்திலேயே செத்தன. அவர் மோட்டாரை நிறுத்தவே இல்லை. எனக்கு ஆள் அனுப்பினார். நான் போனபோது இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு கையாலும் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீர் விழுகிற இடத்தைச் சுற்றிக் குட்டை பால் மாதிரி வெளுத்திருந்தது. செத்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது சளி பூசி வெளிறிக் கிடந்தது. விரால் மட்டும் சாகவில்லை. யூனியன் தலைவர் எட்டிப் பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

வெயில் ஏறுவதற்குள் ஊர் கூடிவிட்டது. வெள்ளை எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். சித்தப்பாவின் குழாய்க்கு அடியில் இருக்கிறது. வேறு எங்கேயும் அவ்வளவு இல்லை. எங்கள் பக்கத்து வாய்க்கால்களில் சில பேர் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி மீன் பிடிப்பார்கள். மீன் மயங்கி மேலே வரும், அள்ளிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பாவின் குத்தகையும் முடிகிற நேரம். போதாதா? "முடியறதுக்குள்ள அள்ளிடலாம்னு போட்டிருக்காரு, டோஸ் ஜாஸ்தியாயிடுச்சி" என்று ஒருவன் ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் அது எல்லோருக்கும் கண்ணால் பார்த்த விஷயம் ஆகிவிட்டது. சித்தப்பா வெள்ளைச் சேற்றை அள்ளிக்கொண்டு வந்து மோந்து பார்க்கச் சொன்னது அப்போதுதான். "பவுடர் போட்டிருந்தா விரால் மட்டும் எப்படியா உசுரோட இருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பொறியாளர் ஜீப்பில் வந்தார். கரையைப் பார்த்தார். உதிர்ந்து கிடந்த கல்லைப் பார்த்தார். அதன் மேல் பூத்திருந்த வெள்ளையைப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "ரசாயனம் கலந்திருக்கு. வெளியில இருந்து யாரோ போட்டது. கரைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். யாரோ என்றுதான் சொன்னார். சித்தப்பா பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கூட்டம் ஏற்கெனவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

குத்தகை போனது. அதை விடுங்கள். பேர் போனது. "பவுடர்காரர்" என்று ஆனார். சித்தி மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் விற்றவள். துறைமுகத்தில் ஏலம் எடுத்த கடல் மீனைத்தான் அவள் விற்றாள். அதைக் காட்டியும் "பவுடர் போட்டதா, போடாததா?" என்று கேட்பார்கள். ஒரு கல்யாணத்துக்கு அரியாங்குப்பம் போயிருந்தோம். பந்தியில் ஆள் பற்றவில்லை என்று சித்தப்பா தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு ஊற்றப் போனார். எங்கள் சொந்தக்காரன் ஒருவனே டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு, "மாமா, நீங்க ஊத்தாதீங்க. புள்ள குட்டிக்காரன் நான்" என்றான். வரிசை முழுக்கச் சிரிப்பு. சித்தப்பாவும் சிரித்தார். ஜக்கைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிடாமல் வெளியே போய் என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். "போலாம்டா" என்றார். அதற்கப்புறம் அவர் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை.

என் கடைக்கு ஸ்கூட்டர் விட வருகிற ஒரு மேடம் உண்டு. கல்லூரியில் நிலவியல் சொல்லித்தருகிறவர். ஒருநாள் வண்டிக்குக் காத்திருந்தபோது அலமாரியில் இருந்த கல்லைப் பார்த்தார். அது அங்கேயும் வெள்ளை பூத்து, கீழே இருந்த தகரத்தைத் துரு ஏற்றித் தின்றுவிட்டிருந்தது. "இது எங்க கிடைச்சது?" என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை குட்டைக்கே வந்தார். கரைக்கு அடியில் கசிகிற தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்கு வந்தார்.

மேடம் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அந்தக் கறுப்புக் கல்லுக்கு ஷேல் என்று பேர். பழைய காலத்துக் கடலடிச் சேறு இறுகிக் கல்லானது. காற்றுப் படாத அந்தச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து பைரைட் என்ற கனிமம் உண்டாகியிருக்கும். பிள்ளைகள் தங்கம் என்று பொறுக்கியது அதைத்தான். பூமிக்கு அடியில் கிடக்கிற வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. வெளியே எடுத்துக் காற்றிலும் மழையிலும் போட்டால் பைரைட் சிதைந்து கந்தக அமிலம் வரும். நான் பேட்டரிக்கு ஊற்றுகிறேனே, அதே அமிலம்தான், வீரியம் குறைவு. அந்த அமிலம் தான் பிறந்த கல்லையே தின்னும். கல் முழுக்கக் களிமண். களிமண்ணுக்குள் அலுமினியம் கட்டுண்டு கிடக்கிறது. அமிலம் அந்தக் கட்டை அறுத்து அலுமினியத்தைத் தண்ணீரில் கரைத்துவிடும். வெயில் காலத்தில் அந்தத் தண்ணீர் கல் மேலேயே உலர்ந்தால் கந்தகமும் அலுமினியமும் சேர்ந்த உப்பாகப் பூக்கும். சித்தப்பா நாக்கில் வைத்தது அது. படிகாரத்துக்கு நெருங்கின சொந்தம்.

மழைக்காலத்தில் அது கரைந்து குட்டைக்குள் இறங்கும். அமிலம் குறைந்த தண்ணீரோடு கலந்த இடத்தில் அலுமினியம் கரைந்து இருக்க முடியாது. வெள்ளையாகத் திரண்டு விழும். விழும்போது தண்ணீரில் இருக்கிற கலங்கலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் அடியில் உட்காரும். அதனால்தான் குட்டை தெளிந்தது. அதுவே மீனின் செவுளில் ஒட்டினால் மூச்சு அடைக்கும்; மேலே வந்து காற்றை இழுக்கிற விரால் அதில் தப்பிக்கும். அடியில் உட்கார்ந்த வெள்ளை நாள்பட இறுகிப் புதுக் கனிமம் ஆகும். ஒரு கல் செத்து அதிலிருந்து பிறக்கிற இரண்டாம் தலைமுறை. அதற்கெல்லாம் தனித்தனிப் பேர் இருக்கிறது என்று மேடம் சொன்னார், என் வாயில் நுழையவில்லை.

"சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க" என்று ஒரு கண்ணாடி டம்ளரில் பாட்டில் தண்ணீரை ஊற்றினார். பளிங்கு மாதிரி இருந்தது. சித்தியின் வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி, வேறு டம்ளரில் கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தெளிவை முதல் டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். எங்கள் கண் முன்னால் மேகம் மாதிரி வெள்ளை எழுந்தது. மெதுவாகத் திரண்டு கீழே இறங்கியது. குட்டையில் பார்த்த அதே வழவழப்பு. "யாரும் வெளியில இருந்து கொண்டுவந்து போடல. இந்தத் தண்ணிக்குள்ளயே இருந்தது" என்றார்.

சித்தி அழுதாள். சித்தப்பா அழவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த சுண்ணாம்புத் தண்ணி செஞ்சத என் போர் தண்ணி செஞ்சிதா மேடம்?" என்று கேட்டார். மேடம் தலையாட்டினார். "அந்த மாதிரி திரளும்போதுதான் செவுளுக்கு ரொம்பக் கெடுதலா?" அதற்கும் மேடம் தலையாட்டினார். "அப்போ நான் காப்பாத்துறேன்னு பைப்பத் தொறந்து வுட்டது..."

"ஐயா, உங்களுக்குத் தெரிய வழியே இல்ல. நீங்க செஞ்சதுதான் வழக்கம். கல்லு மாறிப்போச்சி. அத உங்ககிட்ட யாரும் சொல்லல."

சித்தப்பாவை ஊர் சொன்ன பொய் பாதி கொன்றது. இந்த உண்மை மீதிப் பாதி கொன்றது. பைப்பைத் திறந்ததில் மீன் செத்ததற்கும் பொறுப்பு அவர் இல்லை.

பாட்டிலையும் சுண்ணாம்பையும் எடுத்துக்கொண்டு நானும் சித்தப்பாவும் பொறியாளர் அறைக்குப் போனோம். மேடமும் வந்தார். பொறியாளர் கதவைச் சாத்தச் சொன்னார். அவர் மேஜை மேலேயே செய்து காட்டினோம். வெள்ளை இறங்கி முடிகிற வரை பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. ஆச்சரியப்படாத முகம். பிறகு மேடத்திடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மேடம், "தமிழ்லயே சொல்லுங்க சார், அவருக்குத்தான் சொல்லணும்" என்றார்.

"தெரியும்மா. கல்லு உதிர ஆரம்பிச்சப்பவே சந்தேகம்தான். இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? கரையப் பிரிக்கவா?"

"கரைய என்னமோ பண்ணுங்க சார்" என்றார் சித்தப்பா. "ஊர்ல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. இந்த ஆளு போடலன்னு. அவ்ளோதான்."

"பெரியவரே, உங்க மேல கேஸ் எதனா போட்டோமா? இல்ல இல்ல? அப்புறம் என்ன? ஜனங்க நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க."

"நாலு நாளா சார்? என் சொந்தக்காரன் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல சார்."

பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே அனுப்பினார்.

ஆனால் அந்தக் கோடையில் வேலை செய்தார். அந்தக் கறுப்புக் கல் மேல் செம்மண்ணைக் கொட்டி மூடினார். குட்டையைச் சுற்றி மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு தூவ வைத்தார். அமிலத்தை அடக்க அதுதான் வழி, மேடமும் அதைத்தான் சொல்லியிருந்தார். ஊர் என்ன சொன்னது தெரியுமா? "பவுடர்காரர் போட்ட விஷத்த முறிக்க கவர்மென்ட்டே சுண்ணாம்பு அடிக்குது பாரு." பொறியாளர் கரை மேல் நின்றுகொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். திருத்தவில்லை. தன் தப்பைச் சரிசெய்கிற வேலையையே சித்தப்பாவுக்கு எதிரான சாட்சி ஆக்கிக்கொண்டார். இவ்வளவு சுத்தமான வேலையை அவர் கரையில் செய்திருக்கலாம்.

நான் சும்மா இருக்கவில்லை. டீக்கடையில், சலூனில், மார்க்கெட்டில் எல்லாம் சொன்னேன். டம்ளரில் செய்து காட்டினேன். "மெக்கானிக் மேஜிக் காட்டுறான்" என்றார்கள். கல் அமிலம் கக்கும் என்பதை விட ஒரு ஆள் விஷம் வைப்பான் என்பது நம்புவதற்குச் சுலபமாக இருக்கிறது. மேடம் வந்து பேசியபோது கேட்டுக்கொண்டார்கள், மரியாதையாகத் தலையாட்டினார்கள். அவர் போனதும், "அரசாங்க ஆளே சொல்லலியே" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைதான் தடையாக நின்றது.

சித்தப்பா சில வருஷம் கழித்து எங்கள் ஊர்க் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் இறந்தார். நெஞ்சு நோய். அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு வந்து வாசலில் கிடத்தியபோது தெரு முனையில் ஒருவர் இன்னொருவருக்கு அடையாளம் சொன்னார்: "அதான்பா, குட்டையில பவுடர் போட்டாரே, அவரு." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீடு தெரிய வேண்டும் என்று சொன்னார். அவருக்கு அதுதான் விலாசம் ஆகியிருந்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. பொறியாளர் ஓய்வு பெற்றுவிட்டார். நீர்நிலை பாதுகாப்பு என்று மேடை மேடையாகப் பேசுகிறார். போன மாதம் டவுனில் ஒரு மண்டபத்தில் பேசினார். போய் உட்கார்ந்தேன். திரையில் எங்கள் குட்டையின் படம் வந்தது. அந்தத் தெளிந்த தண்ணீர். "நான் பணியில் இருந்தபோது மீட்டெடுத்த குட்டை, கண்ணாடி போல" என்றார். கை தட்டினார்கள். நான் எழுந்து மைக்கை வாங்கி, "அந்தத் தண்ணியில மீன் செத்துச்சே, அது யாரால சார்?" என்று கேட்டேன். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. "நேரமில்லை, தனியாக வந்து பேசுங்கள்" என்றார். ஒரு பையன் வந்து மைக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

தனியாக வர மாட்டேன் சார். தனியாக ஒருமுறை வந்தாகிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு "தெரியும்" என்று சொன்னீர்கள். சாத்தின கதவுக்குள் சொன்ன உண்மையால் என் சித்திக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவள் உயிரோடு இருக்கிறாள். இன்னும் மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கிறாள். உங்களுக்குப் பேச மேடை இருக்கிறது, மைக் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதே படத்தைப் போடுங்கள். போட்டுவிட்டு எல்லோர் முன்னாலும், தமிழில், பதில் சொல்லுங்கள்: அந்தக் குட்டையில் வெள்ளையைப் போட்டது யார்?